மெமரி கார்டில் வந்த மணவாழ்க்கை: பட்டிண்டா, பரமக்குடி வழக்குகள்

கணவன் மனைவி சந்தேகத்தை வைத்து எடுக்கும் திகில் குறும்படங்களில் உச்சக்காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் கைப்பேசியை மேசைமேல் வைப்பார். ரகசியமாகப் பதிவு செய்த பேச்சு ஓடும். எதிரே இருப்பவரின் முகம் மாறும், படம் முடிந்துவிடும். பஞ்சாபின் பட்டிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் ஒரு கணவர் இதே காட்சியை நடத்திக்காட்ட 2019 ஜூலையில் மனுப் போட்டார். அந்தப் பதிவைக் கோப்பில் சேர்க்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்க 2025 ஜூலை ஆனது. பதிவில் இருப்பது யார் குரல், அதில் வெட்டு ஒட்டு உண்டா, அதிலிருந்து கொடுமை நிரூபணமாகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டிய கேள்விகள்.

இதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2024 அக்டோபர் 30 அன்று, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பரமக்குடியிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் ஏறக்குறைய எதிர்த்திசையில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் மணவாழ்க்கைத் தகராறில் மின்னணுச் சாட்சியம் எதற்கு உதவும், எங்கே கவிழும் என்பது புரியும். தம்பதியரின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

பட்டிண்டாவில் நடந்தது

திருமணம் 2009 பிப்ரவரியில் நடந்தது. 2011இல் பெண் குழந்தை பிறந்தது. 2017 ஜூலை 7 அன்று கணவர் இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்கீழ் மணவிலக்குக் கேட்டார், காரணம் கொடுமை. 2018இல் மனு திருத்தப்பட்டது. வழக்கு சாட்சிய நிலைக்கு வந்த பிறகு, 2019 ஜூலை 9 அன்று, கூடுதல் பிரமாணப் பத்திரம் ஒன்றைச் சேர்க்க அவர் அனுமதி கேட்டார். அதோடு கைப்பேசிகளின் மெமரி கார்டுகள், ஒரு சிடி, பேச்சின் எழுத்து வடிவம் ஆகியவை இருந்தன. வெவ்வேறு காலத்தில் மனைவியுடன் பேசியதை அவருக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்து வைத்திருந்தார்.

குடும்பநல நீதிமன்றம் 2020 ஜனவரி 29 அன்று அனுமதித்தது, பதிவு சரியானதுதான் என்று நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 1984இன் 14ஆம் பிரிவு இந்த நீதிமன்றங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தாராளத்தைத் தருகிறது. தகராறைத் தீர்க்க உதவும் என்று தோன்றினால், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் தகவலையும் பெற்றுக்கொள்ளலாம். பெற்றுக்கொள்வது வேறு, நம்புவது வேறு. இந்தப் பிரிவை எடுத்துக்காட்டும் பலர் இரண்டாவதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மனைவி பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி லிசா கில் 2021 நவம்பர் 12 அன்று அந்த அனுமதியை ரத்து செய்தார். காரணம் இரண்டு. ஒன்று, மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்தது அவருடைய அந்தரங்க உரிமையின் அப்பட்டமான மீறல். மற்றொன்று உரிமை சம்பந்தப்பட்டதல்ல, சாட்சியத்தின் தன்மை சம்பந்தப்பட்டது. பேச்சு எந்தச் சூழலில் நடந்தது, பதில் எப்படி வரவழைக்கப்பட்டது என்பதை இப்படிப்பட்ட பதிவை வைத்துக் கண்டறிய முடியாது. பதிவு ஓடுவது ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்பதே பேச்சைச் சமமில்லாததாக்கிவிடுகிறது.

இந்த இரண்டாவது காரணம் முக்கியமானது. உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றிய பிறகும் அது சாகவில்லை. பதிவை உள்ளே விடாமல் தடுக்கும் காரணமாக அது தோற்றது. உள்ளே வந்த பதிவின் மதிப்பைக் குறைக்கும் காரணமாக அது அப்படியே நிற்கிறது.

122ஆம் பிரிவின் இரண்டு பூட்டு, ஒரு கதவு

உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் வழக்கை எடுத்துக்கொண்டது. 2025 ஜூலை 14 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு தீர்ப்பளித்தது. முழு வழக்கும் இந்திய சாட்சியச் சட்டம் 1872இன் 122ஆம் பிரிவைச் சுற்றித்தான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 128ஆம் பிரிவு. சாரத்தில் மாற்றம் இல்லை.

அந்தப் பிரிவு சொல்வது இது. மணவாழ்க்கையின்போது கணவனோ மனைவியோ சொன்னதை வெளியிடும்படி மற்றவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. இது முதல் பூட்டு. அவரே சொல்ல முன்வந்தாலும், பேசியவரின் சம்மதம் இல்லாமல் அனுமதிக்கக்கூடாது. இது இரண்டாவது பூட்டு, முதலாவதைவிடக் கனமானது. மணவிலக்கு ஆன பிறகும் இரண்டும் திறக்காது. ஆனால் பிரிவின் கடைசியில் கதவு ஒன்று உண்டு: தம்பதியருக்கு இடையிலேயே நடக்கும் வழக்குக்கும், ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கான வழக்குக்கும் இந்தத் தடை இல்லை.

மணவிலக்கு வழக்கு என்பது தம்பதியருக்கு இடையிலான வழக்கு. ஆகவே கதவு திறந்திருக்கிறது என்பதே உச்ச நீதிமன்றத்தின் முடிவு. மனைவி தன்னிடம் சொன்னதைக் கணவர் கூண்டில் ஏறி வாயால் சொல்லலாம் என்றால், அதையே கருவி சொல்வதற்குத் தடை எங்கிருந்து வரும்? 2017இல் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது உண்மைதான். ஆனால் 122ஆம் பிரிவு பிறந்தது தனிநபர் அந்தரங்கத்தைக் காக்க அல்ல, மணவாழ்க்கை என்ற உறவைக் காக்க. தம்பதியர் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும்போது நியாயமான விசாரணைக்கான உரிமையும் கணக்கில் வரவேண்டும் என்று அமர்வு பார்த்தது.

உளவு பார்ப்பதை இது ஊக்குவிக்காதா, வீட்டின் அமைதி கெடாதா என்ற வாதமும் எழுந்தது. தம்பதியர் ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அதுவே உறவு முறிந்ததற்கான அறிகுறி என்று தீர்ப்பு பதில் சொல்கிறது. நோய்க்கு அறிகுறியைக் காரணமாகச் சொல்லாதீர்கள் என்பது அதன் பொருள். இந்தப் பதில் முழுத் திருப்தி தருவதில்லை. முறிந்த வீட்டில் பதிவு செய்வது அறிகுறி என்பது சரி. முறியாத வீட்டில் ஒருவர் சந்தேகத்தில் பதிவு தொடங்கி, அதனாலேயே முறிகிற வீடுகளும் உண்டு. கைப்பேசி யார் கையில் இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்ற ஏற்றத்தாழ்வும் இந்தியக் குடும்பங்களில் சின்ன விஷயம் அல்ல.

கணவரின் பிரமாணப் பத்திரத்தையும் இணைப்புகளையும் கோப்பில் ஏற்று மேலே விசாரிக்கும்படி குடும்பநல நீதிமன்றத்துக்கு உத்தரவு போனது. அவ்வளவுதான். கணவர் வென்றார் என்று தலைப்பிட்ட செய்திகள் வந்தன. மணவிலக்கு கிடைத்தது என்று தீர்ப்பில் எங்கும் இல்லை.

பரமக்குடி: குரல் இல்லாத சாட்சியம்

பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்ட கணவர் கொண்டுவந்தது ஒலிப்பதிவு அல்ல, மனைவியின் கைப்பேசி எண்ணுக்கான அழைப்பு விவரப் பட்டியல். அதை ஏற்கக்கூடாது என்று மனைவி போட்ட மனு கீழே தள்ளுபடியானது. மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மனைவியின் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தரங்க உரிமை தம்பதியருக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல, மணவாழ்க்கையின் அடித்தளம் நம்பிக்கை, ஒருவர் மற்றவரை வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

2025 தீர்ப்பால் இது காலாவதி ஆகிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. பட்டிண்டாவில் பேசியது மனைவி, கேட்டது கணவர். அது தம்பதியருக்கு இடையிலான பேச்சு. 122ஆம் பிரிவும் அதன் விதிவிலக்கும் அதைப் பற்றியவை. அழைப்புப் பட்டியல் என்பது மனைவி வெளி ஆட்களோடு கொண்ட தொடர்பின் தடம். அதைக் கணவரிடம் மனைவி சொல்லவும் இல்லை, கணவர் அந்தப் பேச்சில் பங்குபெறவும் இல்லை. 122இன் கதவு இந்த அறைக்கு உரியதே அல்ல. மனைவி தன் பெற்றோரிடமும் தோழிகளிடமும் பேசியதைக் கணவர் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ததைச் சட்டவிரோதம் என்று ஒதுக்கிய ஆந்திர உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று 2008ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. நான் உன்னிடம் பேசியது என்பதும், நீ பிறரிடம் பேசியது என்பதும் ஒன்றல்ல. இந்தக் கோட்டைப் பார்க்காமல் பட்டிண்டா தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியின் அல்லது கணவரின் வாட்ஸ்அப்பைத் திறப்பவர்களுக்குத் தீர்ப்பு துணை நிற்கும் என்று சொல்ல இடமில்லை.

மறுபக்கமும் உண்டு. முறைகேடாகப் பெறப்பட்டது என்பதற்காக மட்டும் பொருத்தமான சாட்சியத்தை ஒதுக்கவேண்டியதில்லை என்பது இந்தியச் சட்டத்தின் பழைய வழி. 1972இல் ஒலிநாடா பற்றிய மல்கானி வழக்கிலும், 1973இல் வருமான வரிச் சோதனை பற்றிய பூரண்மல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. ஆகவே பரமக்குடித் தீர்ப்பின் அந்தரங்கப் பகுதி இனியும் வாதத்துக்கு உள்ளாகும். வாதத்துக்கு இடமே இல்லாதது அதன் தொழில்நுட்பப் பகுதி: பட்டியல் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் மின்னணுச் சான்றைக் கணவரே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் பிறந்த பட்டியலுக்கு, அந்தக் கணினியைக் கண்ணால் பார்க்காதவர் எப்படிச் சான்று தருவார்? நிபுணர் சான்று வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டம் சொல்கிறது, தமிழ்நாட்டில் அதற்கு அறிவிக்கப்பட்ட நிபுணர்கள் இல்லையே என்று நீதிபதி சுட்டிக்காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ பிரிவின்கீழ் அறிவிக்கும்படி மத்திய அமைச்சகத்துக்கு 3 மாதக் கெடுவும் விதித்தார்.

அழைப்புப் பட்டியல் உண்மையிலேயே தேவை என்றால் வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் ஆணைப்படி நிறுவனத்துக்கு ஆவண அழைப்பாணை அனுப்ப நீதிமன்றத்தைக் கேட்கலாம். எந்த எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அது வழக்கின் எந்தக் குற்றச்சாட்டோடு தொடர்புடையது என்பதை மனுவில் குறிப்பாகச் சொல்லவேண்டும். ‘கடந்த ஐந்து வருட அழைப்புகள் அனைத்தும்’ என்று வலை வீசினால் தள்ளுபடிதான். பட்டியலில் இருப்பது அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நேரம், வினாடிக் கணக்கு, கருவியின் அடையாள எண், கோபுரத்தின் அடையாளம். பேச்சு ஒரு சொல்கூட இருக்காது. வாட்ஸ்அப் வழியாகப் பேசியது அழைப்பாகவே அதில் வராது. இணையத் தரவாகத்தான் போயிருக்கும். இரவு 11 மணிக்கு 40 நிமிடம் பேசினார் என்பதை அது காட்டும். யாரோடு என்பதைக்கூட நேரடியாகக் காட்டாது, எந்த எண்ணோடு என்பதைத்தான் காட்டும். கள்ள உறவை அதை மட்டும் வைத்து நிரூபிக்க நினைப்பவர்கள் இந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்புகிறார்கள். சந்தேகம் வேலை செய்யும் விதமும் அதுதான்.

பதிவு எப்படிக் கெடுகிறது

இனி கோப்புக்கு வருவோம். ஒலிப்பதிவுகள் சட்டக் கேள்வியில் தோற்பதைவிடக் கையாளும் விதத்தில் தோற்பது அதிகம்.

1985இல் ராம்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த சோதனைகள் இன்றும் அளவுகோல். குரல் யாருடையது என்று பதிவு செய்தவரோ, அந்தக் குரலை அறிந்தவரோ அடையாளம் காட்டவேண்டும். பேசியவர் மறுத்தால் நிரூபணம் இன்னும் கடுமையாகும். பதிவு துல்லியமானது என்று காட்டவேண்டும். வெட்டியோ அழித்தோ சேர்த்தோ இருக்க வாய்ப்பில்லை என்று காட்டவேண்டும். பேச்சு வழக்குக்குப் பொருத்தமானதாக இருக்கவேண்டும். முத்திரையிட்டுப் பாதுகாப்பில் வைத்திருக்கவேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும், பிற ஓசைகளில் மூழ்கக்கூடாது. ஒலிநாடாக் காலத்து விதிகள்தான். வெட்டு ஒட்டு இல்லை என்று காட்டுவதும், முத்திரையிட்டுப் பாதுகாப்பதும் கைப்பேசிக் காலத்தில் பழையதைவிடக் கடினமாகிவிட்டன.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி அழைப்பை ஏஎம்ஆர் என்ற, பேச்சைச் சுருக்கிச் சேமிக்கும் ஒலி வடிவத்தில் வைத்திருக்கும். கோப்பின் பெயரிலேயே எதிர் எண்ணும் தேதியும் நேரமும் இருக்கும். அதை உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பாக அனுப்புகிறார்கள். அங்கே பெயர் மாறி, அனுப்பிய தேதியும் ஒரு வரிசை எண்ணும் கொண்ட புதுப்பெயர் வருகிறது. உறவினர் அதைக் கணினிக் கடையில் கொடுக்கிறார். கடைக்காரர் எந்த இயந்திரத்திலும் ஓடட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆடியோ சிடியாக எழுதித் தருகிறார். அந்த நொடியில் கோப்பு வேறு பொருளாகிவிடுகிறது. ஏஎம்ஆர் குறுகிய அலைவரிசைப் பதிவு அதன் உச்சத் தரத்தில் வினாடிக்கு 1,600 பைட், அதாவது நிமிடத்துக்கு 96 கிலோபைட் அளவு. ஆடியோ சிடி வினாடிக்கு 1,76,400 பைட், நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு மேல். இல்லாத தரத்தை இயந்திரம் ஊதிப் பெருக்கி எழுதுகிறதே தவிரக் குரல் ஒரு துளியும் தெளிவாவதில்லை. பதிவான தேதி, கருவி, பழைய பெயர் எல்லாம் போய்விடுகின்றன.

பழைய சிறு கோப்பின் அளவேகூடச் சாட்சி சொல்லும். உச்சத் தரத்தில் சீராக எழுதப்பட்ட ஏஎம்ஆர் கோப்பில் தலைப்புக்கு 6 பைட், பிறகு 20 மில்லி வினாடிக்கு 32 பைட் என்று ஓடும். அளவும் ஓடும் நேரமும் இந்தக் கணக்கில் பொருந்தாவிட்டால் ஆய்வாளர் ஏன் என்று தேடுவார். மௌனத்தைச் சுருக்கி எழுதும் அமைப்பு இருந்தால் கணக்கு இயல்பாகவே மாறும். அதனால் இது தேடலின் தொடக்கம்தான், முடிவல்ல. பின்னணியில் மின்விசிறி ஓசை திடீரென்று அறுந்து தொடர்கிறதா, பேச்சுக்கு இடையே மூச்சு நடுவில் வெட்டுப்படுகிறதா என்பதெல்லாம் காதுக்கே அகப்படும்.

சரியாகச் செய்வது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். கருவியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அழித்துப் புதிதாக்காதீர்கள். மெமரி கார்டில் இருந்தால் கார்டை எடுத்து வையுங்கள். கோப்பைத் திறந்து வெட்டிச் சுருக்காதீர்கள். 50 நிமிடப் பேச்சில் 3 நிமிடம் தேவை என்றாலும் முழுவதும்தான் ஆவணம், அந்த 3 நிமிடம் எங்கே வருகிறது என்று எழுத்து வடிவத்தில் குறித்தால் போதும். நகல் வேண்டுமானால் கேபிள் வழியாகக் கணினிக்கு எடுங்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஒலியாக இல்லாமல் ஆவணமாக அனுப்பினால் கோப்பின் உள்ளடக்கம் மாறாது. நகல் எடுத்த உடனே கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். விண்டோஸ் கணினியில் செர்ட்யூட்டில் என்ற உள்ளமைந்த கட்டளை இதைச் செய்யும். ஷா-256 முறையில் 64 எழுத்துகள் கொண்ட மதிப்பு வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முழுவதும் வேறாகும். பெயரை மட்டும் மாற்றினால் மாறாது. இது தெரியாமல் பெயர் மாறிய கோப்பைப் போலி என்று வாதாடித் தோற்பதும் நடக்கும்.

சான்று அடுத்தது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட மின்னணுச் சான்று கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்று தேவையில்லை என்றும் பின்னது சொன்னது. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்று இரண்டு பகுதி. முதற்பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் நிரப்புகிறார்: எந்தக் கருவி, அதன் தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண், கருவி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியதா, அது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது. இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்புகிறார். இரண்டிலும் ஹாஷ் மதிப்பும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதும் வரவேண்டும். முதற்பகுதி மதிப்பும் இரண்டாம் பகுதி மதிப்பும் ஒத்துப்போகவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். இடையில் யாராவது கோப்பைத் திறந்து சேமித்துவிட்டால் ஒத்துப்போகாது.

எழுத்து வடிவத்தில் வேறொரு வழுக்கல். வீட்டுப் பேச்சு வட்டாரப் பேச்சு. ‘செத்துத் தொலை’ என்பது ஒரு வீட்டில் மிரட்டல், இன்னொரு வீட்டில் தினசரி எரிச்சல். அதை எழுதுபவர் நாகரிகம் கருதித் திருத்துகிறார், அல்லது வக்கீல் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது கனம் கூடிவிடுகிறது. கேட்டதைக் கேட்டபடி, இடைவெளி, அழுகை, கேட்காத இடம் எல்லாவற்றையும் குறித்து எழுதவேண்டும். பட்டிண்டாவைப் போலப் பல ஆண்டுப் பதிவுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தேதி, கருவி, கோப்புப் பெயர் தனித்தனியாக வேண்டும்.

கூண்டில் ஏறிய பிறகு

திரைக்கதைக்காரர்கள் விட்டுவிடும் திகில் குறுக்கு விசாரணையில்தான் இருக்கிறது. பதிவு செய்தவரிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடிய முதல் கேள்வியே போதும்: எத்தனை முறை பதிவு செய்தீர்கள், எத்தனையைக் கொண்டுவந்தீர்கள்? இருநூறு பேச்சில் ஏழு மட்டும் வந்திருக்கிறது என்றால் மீதி எங்கே? அடுத்தது, பதிவு ஓடும்போது நீங்கள் ஏன் அவ்வளவு அமைதியாகப் பேசுகிறீர்கள், மற்ற நாள்களிலும் இப்படித்தானா? ஒரே கேள்வியை ஏன் நான்குமுறை கேட்டீர்கள்? பதிவு தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன சொன்னீர்கள்? லிசா கில் தீர்ப்பின் இரண்டாவது காரணம் இங்கே உயிரோடு திரும்புகிறது. பல பதிவுகளில் கேட்பவருக்கு முதலில் தட்டுப்படுவது பதிவு செய்யப்பட்டவரின் கோபமல்ல, பதிவு செய்தவரின் நிதானம். இது அவருக்குச் சாதகமாக அமைவதில்லை.

கொடுமை என்ற காரணத்தோடும் இது சிக்கும். ஆண்டுக்கணக்கில் தன்னை ஒட்டுக்கேட்டார் என்பதையே எதிர்த்தரப்பு மனக்கொடுமையாக வாதிடலாம், சாட்சியம் கணவரே தாக்கல் செய்த சிடி. தவிர, சேர்ந்து வாழ்ந்த காலத்துப் பழைய பதிவு என்றால், கொடுமை நடந்த பின்னும் ஆண்டுகள் சேர்ந்திருந்தீர்களே, அதை மன்னித்துவிட்டதாகத்தானே பொருள் என்ற கேள்வி வரும். இந்துத் திருமணச் சட்டம் 23ஆம் பிரிவு கொடுமையை மன்னித்திருந்தால் அதைக் காரணமாக ஏற்காது. தேதி தெளிவாக உள்ள பதிவு இந்த இடத்தில் பதிவு செய்தவரையே கட்டிப்போடும்.

குற்றவியல் பக்கமும் இருக்கிறது. தான் பங்குபெற்ற பேச்சைப் பதிவு செய்வது ஒன்று. மனைவியின் அல்லது கணவரின் கைப்பேசியில் உளவுச் செயலி ஏற்றுவது, கடவுச்சொல்லைத் திருடிக் கணக்கில் நுழைவது வேறு. பின்னவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் வரக்கூடியவை. தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்பை ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றம். மணவிலக்கு வழக்கில் தாக்கல் செய்த படத்தை எப்படிப் பெற்றீர்கள் என்ற கேள்விக்குத் தரும் பதில் இன்னொரு வழக்கின் முதல் பக்கமாகலாம்.

இன்றைய பல கருவிகளில் பட்டிண்டா போன்ற பதிவு அவ்வளவு எளிதும் அல்ல. ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிச் செயலிகள் அழைப்பின் ஒலியைப் பிடிப்பது தடுக்கப்பட்டது. மாற்றுவழியாக, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைப் பயன்படுத்திப் பதிவு செய்த செயலிகளை 2022 மே மாதம் முதல் கூகுள் தன் கடையில் அனுமதிப்பதில்லை. கூகுளின் சொந்த அழைப்புச் செயலியும், ஐஓஎஸ் 18.1 முதல் ஐபோனும் பதிவு தொடங்கும்போது இரு பக்கமும் கேட்கும்படி அறிவிக்கின்றன. இப்போது எடுக்கும் குறும்படத்தில் நாயகன் ஐபோனில் பொத்தானை அழுத்தி ரகசியமாகப் பதிவு செய்கிறான் என்று காட்டினால் பார்ப்பவர் சிரிப்பார். இரண்டாவது கருவியை ஒலிபெருக்கி அருகே வைத்துப் பிடிப்பது மிஞ்சியிருக்கும் எளிய வழிகளில் ஒன்று. அந்தப் பதிவில் எதிர் எண், அழைப்பு நேரம் எதுவும் கோப்போடு ஒட்டி வராது. அது அந்த அழைப்புதான் என்று நிரூபிக்க மறுபடியும் அழைப்புப் பட்டியல் தேவைப்படும், தன் சொந்த எண்ணுக்கானது என்பதால் அதைக் கேட்டுப் பெறுவதில் பரமக்குடிச் சிக்கல் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இந்த விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. மனு அதற்குள் போடப்படவேண்டும். பட்டிண்டா வழக்கின் வேகத்தைப் பார்த்தால், சாட்சிய நிலை வரும்வரை காத்திருந்து கேட்பது தாமதம். வழக்குத் தொடுத்தவுடனேயே அந்த விவரங்களை அழிக்காமல் பாதுகாக்கும்படி இடைக்கால மனுவில் கேட்டுவிடவேண்டும்.